கேரியர் மாமி வைத்த ரசம்

மாடி வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது. தினமும் சாயங்காலம் யாரோ வந்து அவர்கள் கம்பிக் கதவில் ஒரு எவர்சில்வர் கேரியரை மாட்டிவிட்டுப் போகிறார்கள். அவள் இறங்கிவந்து எடுக்கும்வரை அது அங்கேயே தொங்கும். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கலாம். நேற்று அவளுடைய மாமியாரே வந்து, இன்றைக்கு என்ன கூட்டு என்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு எடுத்துப்போனாள். எனக்குத்தான் அந்தக் கேரியரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கேரியர் என்ன பாவம் செய்தது? செய்தவள் நான்.

யுத்த காலம் அது. அரிசிக்குக் கூப்பன் வந்துவிட்டது. எனக்குப் பத்தொன்பது வயது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் தனிக்குடித்தனம். பிறந்தகத்தில் பிரசவம் முடிந்து மூன்றாம் மாதம் குழந்தையோடு திரும்பினேன். பகலெல்லாம் சமர்த்தாக இருக்கும் பிள்ளை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீறிட ஆரம்பித்தால் வீடு இரண்டுபடும். தேனாம்பேட்டை கம்பெனியிலிருந்து சைக்கிளில் வந்த களைப்போடு என் வீட்டுக்காரர் குழந்தையை ஏந்திக்கொண்டு கூடத்தில் நடப்பார். நான் ஈர விறகை ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து நிற்பேன். பாதி நாள் ராத்திரிச் சாப்பாடு அவலும் மோரும்தான். பால் கொடுக்கிறவளுக்கு அது எப்படிப் போதும்?

அப்போதுதான் கேரியர் மாமி வந்தாள். ராயப்பேட்டைப் பக்கம் குடியிருந்தவள், நாற்பது வயதிருக்கும். புருஷன் கல்யாணச் சமையல்காரர். யுத்தக் கட்டுப்பாட்டில் கல்யாணச் சாப்பாடெல்லாம் சுருங்கிப்போக, அவர் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். மாமி, கைக்குழந்தைக்காரிகள் இருக்கிற நாலு வீடுகளில் அவரவர் கூப்பன் அரிசியை வாங்கிப்போய், பொழுது சாய்வதற்குள் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். பித்தளைக் கேரியரில் கீழடுக்கில் குழைந்த சாதம், நடுவில் ரசம், மேலே பூண்டு வதக்கலோ பிஞ்சுக் கத்தரிக்காயோ. பிள்ளை பெற்றவளுக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று அவளுக்கு அத்துப்படி. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பாள். பெற்ற தாய் செய்வதைத்தான் செய்தாள், வேறென்ன சொல்ல?

ஒரு மாதம் நிம்மதியாகப் போனது. பிறகு கும்பகோணத்திலிருந்து மாமியார் வரப்போவதாகக் கடிதம் வந்தது. எங்கள் மாமியாருக்குத் தெருவோடு வந்த சாதம் தீட்டு. ஓட்டல் தண்ணீரைக்கூடத் தொடமாட்டார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சமையலும் குழந்தையும் சேர்ந்து சமாளிக்க எனக்குத் துப்பில்லை என்றால் என்னையும் குழந்தையையும் ஊருக்கு அழைத்துப் போய்விடுவதாக அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தார். போனால் எப்போது திரும்புவேனோ!

நான் மகா சாமர்த்தியசாலி அல்லவா, ஒரு ஏற்பாடு செய்தேன். மாமியார் வந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் கோயிலில் கதை கேட்கப் போனார். அந்த நேரத்தில் மாமி கொல்லைக் கதவு வழியாக வரவேண்டியது. எல்லாவற்றையும் எங்கள் பாத்திரங்களில் கொட்டிக்கொண்டு கேரியரை உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன். பிறகு அடுப்பில் நெருப்பைக் கிளறிவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைக்காமல் உட்கார்ந்திருப்பேன். மாமியிடம் இதைச் சொன்னபோது, தனக்கும் ஒரு மாமியார் இருந்ததாகச் சொல்லிச் சிரித்தாள். ஐந்து நாள் ஒரு சிக்கலுமில்லை. மாமியார் ரசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தார். இந்தக் கைமணம் எங்கிருந்து வந்தது என்று அவர் வியந்தபோது தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று நினைத்திருப்பார்.

ஆறாம் நாள் மாமி கேரியரோடு திரும்பிப் போகும்போது, குழந்தையின் வயிறு உப்பியிருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அன்று பாகவதருக்கு ஜுரம் என்று கதை நடக்கவில்லை. மாமியார் சீக்கிரமே திரும்பி, சாப்பிட்டுவிட்டுக் கிணற்றடியில் கை அலம்பிக்கொண்டிருந்தார். கொல்லைக் கதவு தட்டும் சத்தம். திறந்தது அவர்தான். வாசலில் மாமி, கையில் ஓமத் தண்ணீர்ச் சீசா. குழந்தைக்காக அத்தனை தூரம் போய்க் காய்ச்சி எடுத்துவந்திருக்கிறாள். யார், என்ன என்று மாமியார் விசாரித்தார். மாமி என்னையே பார்த்தாள். தான் யாரென்று நான் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

"சமையல் வேலை ஏதாவது கிடைக்குமான்னு கேட்டுண்டு வந்திருக்கா, அம்மா. பாவம்" என்றேன்.

அந்தப் பாவத்தையும் சேர்த்துச் சொன்னேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. மாமி சீசாவைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, "ஆமாம் மாமி, எங்கேயாவது இருந்தாச் சொல்லுங்கோ" என்றாள். என் மாமியார் இளகிய மனசுக்காரர். விளக்கு வைத்த வேளையில் வந்தவளை வெறும் வயிற்றோடு அனுப்பமாட்டார். கொல்லைத் தாழ்வாரத்தில் இலையைப் போட்டு, அவள் வடித்த சாதத்தை, அவள் வைத்த ரசத்தை, அவளுக்கே தன் கையால் பரிமாறினார்.

"எங்காத்து மாட்டுப்பொண் வெச்ச ரசம். சாப்பிட்டுப் பாரு. இப்படி வைக்கத் தெரிஞ்சா உனக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும்" என்றார்.

மாமி நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. "நன்னா இருக்கு. புளிதான் ஒரு துளி தூக்கல்" என்று சொல்லிவிட்டு இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அவள் போன பிறகு பார்த்தால் துவைக்கிற கல்லின் மேல் சீசா இருந்தது. அதைப் புகட்டினேன். குழந்தை தூங்கிவிட்டது.

மறுநாளும் அவள் நேரத்துக்கு வந்தாள். ரசத்தில் புளி குறைந்திருந்தது. இரண்டு நாள் கழித்து மாமியார் என்னை வாயாரப் புகழ்ந்துவிட்டு ரயிலேறினார். மாமியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு என்று என் வீட்டுக்காரர் இரண்டு தரம் சொன்னார். கேட்டிருக்கலாம். கேட்டால் தாங்கமாட்டேன் என்று பயந்தேன். அவள் முகத்தைத் தினமும் பார்ப்பதை அதைவிடத் தாங்கமுடியவில்லை. அதனால் ஒருநாள் சாயங்காலம், இனி நானே சமைத்துக்கொள்கிறேன், வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கேரியரைக் கீழே வைத்தாள். நான் செய்ததையெல்லாம் விட்டுவிட்டு அவள் தன்மேலேயே குற்றம் தேடினாள். "என் கையில ஏதாவது தப்பா, கொழந்தை? அன்னிக்கு ரசத்துல புளி ஏறித்தான் போயிடுத்து. அதுக்காகவா?" என்று கேட்டாள்.

இல்லை மாமி, தப்பெல்லாம் என்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மடியில் இருந்த குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம்" என்றேன்.