டிக்கெட் எடுக்க மாட்டேன்

டிரைவர் அண்ணாச்சியை வெள்ளைச் சட்டையில் நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகும் வண்டி புறப்படத் தயாராக நின்றது. பழக்கத்தில் முன்பக்கம், டிரைவர் கதவை நோக்கிப் போன கால்கள் சட்டென்று நின்றன. திரும்பிப் பின்வாசலுக்கு வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிரயாணிகளோடு ஒரு பிரயாணியாக ஏறினார். நான் அந்த வண்டியின் கண்டக்டர். முன்சீட்டில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். உட்கார்ந்ததும் வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஏலே, நான் டிக்கெட் எடுக்க மாட்டேன். ஒளிஞ்சு போகல. எல்லாரும் பாக்கத்தான் ஏறியிருக்கேன். ஒன் வேலைக்கு என்ன செய்யணுமோ, நீ அதச் செய்யி."

அறுபதுகளின் தொடக்கம் அது. ஆனிச் சாரல் விழுந்து, அருவியில் குளிக்க ஊர் ஊராக ஜனம் வந்துகொண்டிருந்த நேரம். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் பஸ் கம்பெனி ஷெட்டில் பிரிவுபசார விழா நடந்திருந்தது. மானேஜருக்கும் டிரைவர் அண்ணாச்சிக்கும் ஒரே நாளில் ஓய்வு. மானேஜரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வண்டி கிளம்பும் முன்பே ஆபீசுக்கு வந்துவிடுகிற மனிதர். ஆனால் அந்த மேடையில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு, கம்பெனியில் உழைத்தவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றியிருக்கும். குற்றாலத்தில் இருக்கும் கம்பெனி பங்களா ஆயுள் முழுக்க அவருக்கு என்று முதலாளி அறிவித்தார். மாதாமாதம் சம்பளத்தில் பாதி வீடு தேடி வரும். காரும் கார் ஓட்ட ஆளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பெனி வண்டிகளில் குடும்பத்தோடு இலவசமாகப் போய்வர ஆயுள்கால பாஸ். டிரைவர் அண்ணாச்சிக்கு ஒரு மாலை, ஒரு சால்வை, தாம்பாளத்தில் தேங்காய் பழம். இளவட்டமாக வந்து வண்டி கழுவுவதில் ஆரம்பித்து, பார்வை மங்கும் வரை ஸ்டியரிங் பிடித்தவருக்கு அவ்வளவுதான். அவர் சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "மொதலாளி, எனக்கும் ஒரு பாஸ் போட்டுத் தாங்க." முதலாளி சிரித்தார். "அது ஆபீசர்மாருக்கு உள்ளதுல்லா" என்றார். கூட்டமும் சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை.

பாஸ் அவருக்கு வேடிக்கைக்குத் தேவைப்படவில்லை. ஓய்வு என்ற சொல் மானேஜருக்குச் சாய்வு நாற்காலி. அண்ணாச்சிக்கு அடுத்த வேலை தேடுவது. சம்பளம் நின்ற மாதமே உலை வைக்க வேண்டுமே. குற்றாலத்தில் ஒரு விடுதியில் காவலாளியாகச் சேர்ந்திருந்தார். தினமும் போய்வர டிக்கெட் எடுத்தால், அங்கே வாங்குகிற கூலியில் கணிசமான பங்கு இந்தக் கம்பெனிக்கே திரும்பி வந்துவிடும். இதையெல்லாம் நினைத்து, என் சொந்தக் காசிலேயே அவருக்கு டிக்கெட் போடப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "நான் என்ன ஒங்கிட்ட தருமமா கேக்கேன்? எனக்கு வரவேண்டியதக் கேக்கேன்." அவர் என்னைக் கோபித்துக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

மேலகரத்தில் செக்கர் ஏறினார். அண்ணாச்சி எழுந்து நின்று, தானே சொன்னார், டிக்கெட் இல்லை என்று. செக்கருக்குத் தர்மசங்கடம். ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே. "இறங்கிருங்க அண்ணாச்சி, என் வேலைய கெடுத்துராதீங்க" என்றார். அண்ணாச்சி சாரலில் இறங்கி ரோட்டோரம் நின்றார். நான் விசில் ஊத வேண்டும். விசில் வாயில்தான் இருந்தது, ஊத முடியவில்லை. அதற்குள் வண்டியின் உறுமல் அடங்கியது. அண்ணாச்சியின் இடத்துக்கு வந்திருந்த புது டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். "அவரு ஏறினாத்தான் வண்டி போகும்" என்றார். கீழப்பாவூரிலிருந்து காய்கறிக் கூடையோடு வந்திருந்த ஒரு அம்மாள் செக்கரைப் பிடித்துக்கொண்டாள்: "எங்களையெல்லாம் இத்தன வருசம் பத்திரமா கொண்டு எறக்கின மனுசன மழைல நிறுத்துதியளே, ஒங்களுக்கு நல்லாருக்கா?" மற்றவர்களும் எழுந்து சத்தம் போட்டார்கள். ஒருவர்கூட வண்டியை எடு என்று சொல்லவில்லை.

எங்கள் வண்டிக்குப் பின்னால் அடுத்த வண்டி நின்றது. அதன் பின்னால் கார்கள். அவற்றில் ஒன்று மானேஜருடையது. கண்ணாடியை இறக்கி, "என்னப்பா, சின்ன விஷயத்துக்குப் போய் ரோட்ட மறிச்சுக்கிட்டு?" என்றார். அண்ணாச்சி நனைந்தபடியே அவர் அருகில் போனார். குரல் உயரவில்லை. "சின்ன விசயம்னா ஒங்க பாஸ எங்கிட்ட குடுத்துருங்கய்யா. நீங்கதான் பஸ்ல ஏறுததே இல்லையே." மானேஜர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கடைசியில் செக்கர் விட்டுக்கொடுக்க, அண்ணாச்சியை ஏற்றிக்கொண்டுதான் வண்டி கிளம்பியது.

அன்று மாலையே புது டிரைவருக்கும் எனக்கும் வேலை போயிற்று. எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. பயந்துகொண்டே வீட்டில் சொன்னேன். "அவரு எறங்கின பிறவு நீங்க விசில ஊதிட்டு இங்கன வந்திருந்தாத்தான் எனக்கு வெக்கம்" என்றாள் என் மனைவி. மறுநாள் விடிந்தும் ஷெட்டை விட்டு ஒரு வண்டியும் கிளம்பவில்லை. யாரும் யாரையும் கூட்டம் போட்டு அழைக்கவில்லை. டிரைவர்கள், கண்டக்டர்கள், பட்டறைக்காரர்கள் எல்லோரும் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது, அந்த மாலையும் சால்வையும் நாளை தங்களுக்கும்தான் என்று. சீசன் நேரத்தில் கூட்டம் வராமல் குற்றாலத்துக் கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் முதலாளி வீட்டுக்கு நடையாய் நடந்தார்கள்.

கடைசியில் முதலாளி அண்ணாச்சியைக் கூப்பிட்டு அனுப்பினார். கூடப் போனவர்களில் நானும் உண்டு. "ஒமக்குப் பாஸ் தாரேன், எல்லாரையும் வேலைக்குப் போகச் சொல்லும்" என்றார். நான் மூச்சு விட்டேன். அண்ணாச்சி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "எனக்கு மட்டும்னா வேண்டாம் மொதலாளி. இங்கன இருந்து ஓய்வு வாங்குத எல்லாருக்கும் வேணும். இந்த ரெண்டு பையங்களுக்கும் வேலைய திருப்பிக் குடுக்கணும். மாசம் ஒரு தொகையும் வேணும், மானேஜருக்குக் குடுக்காப்புல." முதலாளி பாஸுக்கும் எங்கள் வேலைக்கும் சம்மதித்தார். மாதத் தொகை மட்டும் நடக்காத காரியம் என்றார். "இன்னைக்கு நடக்காது, சரி. ஆனா கேட்டாச்சு. இனிமே கேட்டுக்கிட்டே இருப்போம்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி எழுந்தார்.

பாஸோடு அவர் சில வருஷங்கள் குற்றாலத்துக்குப் போய்வந்தார். உடம்பு முடியாதபோதும் போனார். போகாவிட்டால் சோறு இல்லை. ஒரு நாள் விடுதி வாசலில் காவலுக்கு உட்கார்ந்தபடியே உயிர் போயிற்று. அந்த மாதம் மானேஜரின் பங்களாவுக்குக் கம்பெனி செலவில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் இதைத் தலையெழுத்து என்றார்கள். யார் எழுதிய எழுத்து என்று எனக்குத் தெரியும். அதனால் எனக்கு ஆறுதல் வரவில்லை; கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தை நான் விடவில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். வாசலில் உட்கார்ந்தோம், வேலை இழந்தோம், திரும்பப் பெற்றோம், மறுபடி உட்கார்ந்தோம். அவர் கேட்ட மாதத் தொகை வெகுகாலம் கழித்து வந்தது. மானேஜர்களுக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் இன்றைக்கும் அது அற்பம்தான்.

நான் ஓய்வு பெற்ற நாளில் முதலாளியின் மகன் பேசினார். தொழிலாளிகளின் மேல் உள்ள அன்பினால் கம்பெனி மாதாமாதம் ஓய்வுத் தொகை வழங்கி வருகிறது என்றார். கைதட்டினார்கள். நன்றி சொல்ல என்னை அழைத்தார்கள். நான் மைக்கின் முன்னால் நின்று சொன்னேன்: "அன்பா யாரும் தரல தம்பி. ஒரு மனுசன் மழைல எறங்கி நின்னு கேட்டாரு. அவருக்குப் பிறவு நாங்க கேட்டோம். இப்ப தாரது பத்தாது. நாளைக்கு இவங்க கேப்பாங்க." கீழே காக்கிச் சட்டையில் உட்கார்ந்திருந்த பையன்கள் கைதட்டவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள்.