பதின்மூன்றாவது ஹெல்மெட்

பஸ் டிப்போவில் நேரம் குறிப்பது அவர் வேலை. அதனால் குகை மன்றத்திலும் அவருக்கு டைம்கீப்பர் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, பன்னிரண்டு பேரைக் குகைக்குக் கூட்டிப்போய் முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவார். யாருக்கு முழங்கால் வலி, யாருக்கு இடுக்கில் மூச்சு முட்டும் என்பதெல்லாம் அத்துப்படி. பேரன் பிறந்தபோது மூன்று மாத ஒத்தாசைக்கென்று மகள் வீட்டுக்குப் போன மனைவி, அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் திரும்பவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றாவது வந்திருக்கும்.

குகை வாசலில் ஒரு பலகை. அதில் பன்னிரண்டு கொக்கிகள். உள்ளே போகிறவர் தன் பித்தளை வில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியானால்தான் வேன் கிளம்பும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் அவர்தான். வாசலில் நிற்கிறவருக்கு வில்லை எதற்கு என்று தனக்கு மட்டும் செய்துகொள்ளவில்லை.

அன்று எல்லோரும் வெளியே வந்தபிறகு, முதல் வளைவில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க அவர் உள்ளே போனார். ஈர முடிச்சு பிடிவாதம் பிடித்தது. இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தால் இரண்டு வேன்களையும் காணோம். இதில் இல்லாவிட்டால் அதில் இருப்பார் என்று இரண்டிலும் நினைத்திருப்பார்கள். பலகையைப் பார்த்தார். துடைத்துவைத்தாற்போல் இருந்தது. அவருடைய சட்டப்படி உள்ளே ஒருவரும் இல்லை.

பாறைமேல் ஏறினால் போனில் சிக்னல் கிடைக்கும். ஏறினார். பன்னிருவரில் ஒருவரான பல் டாக்டரின் எண்ணை எடுத்தவர் அழுத்தாமல் நின்றார். கூப்பிட்டால் வந்துவிடுவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள், சிரிப்பார்கள். ஆனால் கூப்பிடாமலே யாருக்காவது உறைத்திருக்குமா என்பது கடைசிவரை தெரியாமல் போய்விடும். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. வழியில் டீ குடிக்கும் பன்னிரண்டு முகங்கள். கீழே பல் டாக்டர் எழுதியிருந்தார்: "ஒருத்தரைக்கூட விடாம கூட்டிட்டு வந்த டைம்கீப்பருக்கு நன்றி." எட்டுப் பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். 'என்னை விட்டுட்டீங்களே' என்று தட்டி, அழித்தார். அதற்குள் இன்னொருவர், "அடுத்த மாசம் தேதி என்ன?" என்று கேட்டார். பழக்கதோஷம்; "பதினொண்ணு. காலைல ஆறு மணி, சரியா" என்று பதில் போட்டுவிட்டார். அதற்கும் கட்டைவிரல்கள் வந்தன.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. தையற்கடை அம்மா. மன்றத்தின் சாமான்களெல்லாம் அவள் கடையின் பின்னறையில்தான் இருக்கும்.

"அண்ணே, ஹெல்மெட்டு ஒண்ணு குறையுது. பதிமூணுல பன்னெண்டுதான் வந்திருக்கு. யாரு சுட்டுட்டுப் போனது?"

"யாரும் சுடலம்மா. என் தலையில இருக்கு."

"வீட்டுக்கே மாட்டிட்டுப் போயிட்டீங்களா?"

"வீட்டுக்குப் போகல. குகைகிட்டதான் இருக்கேன்."

எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"தனியாவா?"

"கயிறு இருக்கு."

"கிண்டலா? ஒரு போன் பண்ண மாட்டீங்களா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரோடு வரைக்கும் நடந்துட்டா ஆறு இருபதுக்கு ஒரு பஸ்ஸு இருக்கு. ஹெல்மெட்ட நாளைக்குக் கொண்டுவந்து தரேன்."

"ஹெல்மெட்டு கிடக்கட்டும். பஸ் டைம் யார் கேட்டா? வண்டிக்காரர் இன்னும் இங்கதான் நிக்கிறார். நானும் ஏறி வரேன். எழுந்து எங்கயும் போயிடாதீங்க."

போனை வைத்துவிட்டாள். அவள் தேடியது ஹெல்மெட்டைத்தான். அதைத் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார், பொய்க்கணக்கு வேண்டாம் என்று. ஆனாலும் மெஷின் நின்ற சத்தம் காதிலேயே இருந்தது.

வேன் வர நாற்பது நிமிடமாகும். பாறையைவிட்டு இறங்கிப் பலகை முன்னால் நின்றார். பையில் துழாவி வீட்டுச் சாவியை எடுத்து முதல் கொக்கியில் மாட்டினார். நேராகத் தொங்குகிறதா என்று சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு அதன் கீழேயே உட்கார்ந்துகொண்டார்.

வளைவில் வேன் ஹாரன் கேட்டதும் எழுந்து, யாரும் பார்ப்பதற்குள் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.