டிரையர் பழுதாகவே இருக்கட்டும்

பஸ் ஓட்டிய காலத்தில், எஞ்சின் லேசாக இருமினாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார் டிரைவர். அவர் தலை தெரிந்தால் பணிமனை மெக்கானிக்குகள் ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் புகுந்துகொள்வார்கள், அவ்வளவு குடைச்சல். அப்பேர்ப்பட்ட மனிதர் இப்போது துணி உலர்த்தும் டிரையர் முன்னால் குந்திக்கொண்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி போனில் மகனிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

"டிரம் சுத்துதுடா. சூடு மட்டும் வரமாட்டேங்குது."

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மாடி வீட்டில் அவர் ஒண்டிக்கட்டை. மகன் வேறு ஊரில் வேலையாக இருக்கிறான். பையனைக் குறை சொல்ல முடியாது, தினமும் சாயங்காலம் கூப்பிடுவான். சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வைக்கிறேன். டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர்கூட அதைவிட இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவான்.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில்தான் டிரையர் காலை வாரியது. நாற்காலி முதுகிலெல்லாம் ஈரச் சட்டைகள் தொங்கின. பேச்சுவாக்கில் அதைச் சொன்னதும் மகனுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது.

"ஃபில்டர உருவிப் பாருங்கப்பா."

உருவினார். பஞ்சு அப்பிக்கொண்டு வந்தது.

"ஒரு தலையணையே தைக்கலாம்டா!"

மகன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போனது. சின்ன வயதில் அவன் சோப்புத்தூளைக் கொட்டி வீட்டையே நுரையாக்கியது, அம்மா விளக்குமாற்றோடு துரத்தியது எல்லாம் வந்தது. காது சுடும்வரை பேசினார்கள்.

மறுநாள் காலையில் அவரே கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். மீட்டர் பெட்டியில் டிரையருக்கென்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுவிட்ச். டிரம் சுற்ற ஒன்று போதும், சூடாக இரண்டும் வேண்டும். அதில் ஒன்று தானாக அணைந்து கீழே இறங்கிக் கிடந்தது. தட்டி மேலே ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் துண்டு கதகதவென்று வந்தது.

அதை முகத்தில் வைத்துக்கொண்டபோதுதான் சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்தது. சரியாகிவிட்டது என்று சொன்னால் அப்புறம் பேச என்ன இருக்கிறது? போன் வரும் நேரத்துக்கு முன்னால் போய்ச் சுவிட்சைக் கீழே இறக்கிவிட்டார்.

அதிலிருந்து காலையில் ஏற்றித் துணி உலர்த்துவார், சாயங்காலம் இறக்கிவிடுவார். "இன்னும் சூடு வரலடா" என்பதைப் பொய் என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த நேரத்தில் டிரையர் நிஜமாகவே சூடாகாதே!

"மீட்டர் பெட்டியில சுவிட்ச் எல்லாம் மேல இருக்காப்பா?" என்று ஒருநாள் கேட்டான்.

"எல்லாம் சரியா இருக்குடா."

இது மட்டும் கலப்படமில்லாத பொய். மகன் நம்பினான். கதவுக் கொக்கி, காற்று போகும் குழாய், பின்பக்கத்துத் தகடு என்று நாளுக்கொன்றாகப் பார்க்கச் சொன்னான். இவரும் முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்து பார்த்தார், சந்தோஷமாக.

அப்புறம் ஒரு சாயங்காலம் மகன் குரலில் பெருமை பொங்கியது.

"புது மெஷின் ஆர்டர் பண்ணிட்டேன்ப்பா. இனிமே கோளாறுன்னா கம்பெனிக்குப் போன் போட்டா போதும், வீட்டுக்கே வந்து பாத்துடுவாங்க. நீங்க என்னைத் தேட வேண்டியதே இல்ல."

டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆர்டர நிறுத்துடா. பழசு நல்லா ஓடுது."

"எப்போலேருந்து?"

"நீ ஃபில்டர உருவச் சொன்னல்ல, அதுக்கு மறுநாள்லேருந்து."

கோபித்துக்கொள்வானோ என்று இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"டிரையர விட்டா வேற என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலப்பா" என்றான் மகன்.

"எனக்கும் தெரியலடா. அதான் சுவிட்ச இறக்கி வெச்சேன்."