முருகேசனின் ‘இல்லப்பா’

“இல்லப்பா” என்று சொல்லிக்கொண்டேதான் முருகேசன் சாயத்தொட்டியிலிருந்து தலையை நிமிர்த்துகிறார். தெருவில் போகிறவர் “செம வெயிலு” என்று மட்டும்தான் சொன்னார். “இதெல்லாம் ஒரு வெயிலா? சும்மா பேசிக்கினு போவாதப்பா!” சொல்லும்போதே நெற்றி வியர்வையை வழிக்கிறார், அங்கே ஒரு சிவப்புத் தீற்றல் விழுகிறது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். முழங்கை வரை எப்போதும் ஏதோ ஒரு நிறம். யார் எதைச் சொன்னாலும் மறுக்காமல் அவரால் இருக்க முடியாது. மனைவி கமலவேணி இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார். கத்தரிக்காய் வேண்டுமென்றால், “முருங்கைக்காய் வாங்கிக்கினு வாங்க” என்பார். கத்தரிக்காய் வந்துவிடும்.

போன வருடம் மகள் ஜீவிதா, ஏனாத்தூர் கல்லூரியில் வேலை பார்க்கும் விமல்ராஜைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அம்மாவிடம் சொன்னாள். கமலவேணி பழைய வழியிலேயே போனார்.

“இன்னாங்க, ஜீவிதா ஒரு பையனச் சொல்லுது. எனக்குச் சுத்தமாப் புடிக்கல. வேணாம்னு சொல்லிடுங்க.”

முருகேசன் சாப்பிட்டபடியே யோசித்தார். “நீ சொல்றது கரெக்ட்டு. வேணாம்.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி பேச்சை ஆமோதித்தது அன்றுதான்.

ஜீவிதா அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். வேறு வழியில்லாமல் கமலவேணி போட்டு உடைத்தார். “எனக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்குதுங்க. நீங்க மாத்திப் பேசுவீங்கன்னுதான் அப்பிடிச் சொன்னேன்.”

முருகேசன் மனைவி பக்கம் திரும்பினார். “அப்ப, கத்திரிக்காயும் அப்பிடித்தானா?”



அன்று முழுக்க முருகேசன் யாரையும் மறுக்கவில்லை. அக்கம்பக்கத்தார் உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை, “அந்தப் பையன வரச் சொல்லு” என்றார்.

விமல்ராஜ் வந்தான். காபி ஆறுவதற்குள் முருகேசன் ஆரம்பித்தார். “கோயில் இட்லின்னா சுக்கு தூக்கலா இருக்கணும்.”

“இல்லீங்க மாமா, மிளகுதான்.”

உள்ளே தாயும் மகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கூடத்தில் பேச்சு இட்லியிலிருந்து பஸ் ரூட்டுக்குத் தாவி, பட்டுக்கு எந்தப் பச்சை எடுப்பு என்பதில் வந்து நின்றது. பையன் ஓரிடத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. குரல் ஏற ஏற முருகேசனின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. வீட்டில் இத்தனை காலம் அவரைச் சமாளித்துத்தான் வந்தார்கள்; சரிக்குச் சரி சண்டை போட ஆளில்லை.

“நேரமாச்சு, நான் கெளம்பறேன்” என்று விமல்ராஜ் ஹெல்மெட்டை எடுத்தான்.

முருகேசன் அதை அவன் கையிலிருந்து வாங்கிப் பீரோவின் மேல் வைத்துவிட்டு, தன் நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.