அருவி பிடிக்கப் போன முக்காலி

மன்னார்குடிக்கு அருகே, மதகிலிருந்து வாய்க்கால் தண்ணீர் கொட்டுகிறது. எரிமலையையும் அருவியையும் தேடிப் போய்ப் படமெடுக்க வசதியில்லாத நான், இதையாவது அருவியாக்கிவிடலாமென்று கேமராவை முக்காலியில் பூட்டுகிறேன்.

வயலில் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் அரிவாளோடு ஓடி வருகிறார்கள். முக்காலியைப் பார்த்து என்னை நிலம் அளக்கும் சர்வேயர் என்று நினைத்துவிட்டார்கள்.

"யாருய்யா அனுப்புனது, மிராசுதாரா? எங்க குத்தகையப் பிடுங்கத்தானே அளக்குற?" என்கிறார் முன்னால் நிற்கும் அம்மாள்.

"அருவியைப் படம் எடுக்கிறேம்மா!" எலிக்குஞ்சு மாதிரி கீச்சிடுகிறேன்.

"இதுவா அருவி?" எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த அம்மாள் மட்டும் யோசிக்கிறார். "அப்ப நாங்க அறுக்குறதையும் எடுத்துக் குடுங்க சார். இங்க பாடுபடுறது யாருன்னு தாசில்தார் பாக்கட்டும்."

எடுக்கிறேன். கேமரா ஆடாமல் நிற்கிறது, அதற்கு மூன்று கால். என்னுடைய இரண்டும் இன்னும் ஆடுகின்றன.