ஆப்பிரிக்காவுக்கு மூன்று பேர்

எங்கள் ஆப்பிரிக்க ஆய்வு வட்டத்தில் மொத்தமே மூன்று பேர். அரசியல் யாழ்ப்பாணத்து அக்காவுக்கு; அபிவிருத்தி கண்டி டவுனில் பிறந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனுக்கு; சமூகம் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த எனக்கு. இப்படி ஒரு கண்டத்தையே பங்கு போட்டுக்கொண்டோம். மூவரில் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. பல்கலைக்கழகத்தில் எங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு.

வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பார். "ஆப்பிரிக்காவுல நமக்கு யாருப்பா இருக்கா?"

"யாரும் இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு அவங்களப் பத்தி எழுதுற?"

கென்யாவில் கொழுந்து பறிக்கிறவர்களைப் பற்றி நூலகத்தில் வாசித்தபோது எங்கள் லயத்து அடுப்புப் புகை மூக்கில் ஏறியது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சிரித்துவிட்டுச் சாப்பிடுவேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் கூடுவோம். ஒருவர் எழுதியதை வாசிக்க, மற்ற இருவரும் தங்கள் தங்கள் துறையிலிருந்து கேள்வி கேட்க வேண்டும். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: 'நல்லா இருக்கு' என்று யாரும் சொல்லக்கூடாது. அது அக்கா போட்ட சட்டம். "நல்லா இருக்கெண்டு சொன்னா நீர் வடிவாக் கேக்கேல்லை எண்டு அர்த்தம்," என்பார்.

தன்சானியாவில் சிதறிக் கிடந்த குடும்பங்களை அரசாங்கம் ஒன்றுசேர்த்துக் குடியமர்த்திய கிராமங்களைப் பற்றி ஒருமுறை வாசித்தேன். உறவுமுறை, சடங்கு, அயல் என்று உருகி உருகி எழுதியிருந்தேன்.

"அதெல்லாம் சரி தம்பி," என்றார் நானா. "அந்த ரோட்டுல லொறி போகுமா? வெளஞ்சத எப்படி விக்கிற?"

அக்கா விடவில்லை. "எழும்பிப் போகச் சொன்னது ஆர்? மாட்டன் எண்டு நிண்டவனுக்கு என்ன நடந்தது? அதை ஏன் எழுதேல்லை?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸில் போகும் வழியெல்லாம் இருவரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அடுத்த செவ்வாய்க்குள் கட்டுரை வேறு ஆளாகியிருந்தது.

பிள்ளைகள் வளர்கிறார்கள், சம்பளம் போதாது என்று நானா சவூதிக்குப் போனார். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அக்கா கனடாவுக்குப் போய்விட்டார். நான் மட்டும் மிஞ்சினேன். மூன்று துறைக்கும் நானே ஆள். "சேர், ஒருத்தர் எப்படி வட்டமாகிறது?" என்று ஒரு இளம் விரிவுரையாளர் பகிடி பண்ணினான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைகள் கொடுமையானவை. எழுதியதை வெறும் அறையில் உரக்க வாசிப்பேன். நானா என்ன கேட்பார், அக்கா எங்கே பிடிப்பார் என்று யோசித்து நானே கேட்டுக்கொள்வேன். ஆனால் நானே கேட்கும் கேள்வி எனக்கு வலிக்காத இடமாகப் பார்த்துத்தான் விழும். தனிமை என்றால் பேச ஆளில்லாதது என்று நினைத்திருந்தேன். எனக்கோ எதிர்த்துப் பேச ஆளில்லாமல் போயிருந்தது.

பல வருடங்கள் கழித்து அக்கா விடுமுறையில் வந்து அம்பிட்டியவில் உறவினர் வீட்டில் தங்கினார். அதே தன்சானியக் கிராமங்களைப் பற்றிய என் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அப்போது கையில் இருந்தது. அதில் எங்கோ ஓர் ஓட்டை. எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. அக்காவுக்குப் பிடிபடும் என்ற ஒரே நம்பிக்கையில் மேடேறிப் போனேன்.

அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. அன்பாகச் சிரித்துக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார்.

"அக்கா, ஒரு அத்தியாயம் வாசிக்கவா?"

"ஓம், வாசியும்."

வாசித்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தார். முடித்ததும் நான் தலையை நிமிர்த்தவில்லை. பழையபடி அடி விழட்டும் என்று காத்திருந்தேன்.

"நல்லா இருக்குத் தம்பி," என்றார். "ஐயோ, உம்மடை தேத்தண்ணி ஆறிப்போச்சு. இரும், வேறை கொண்டு வாறன்."