டோக்கனைக் கொடுத்த அக்கா

அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த மச்சானை இன்று ராஜபாளையத்தில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், வீங்கிய கன்னத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மச்சான் எங்கிருந்து வந்திருக்கிறான் என்று நான் சொன்னதும் அவனிடம் கேட்டார்.

“அமெரிக்காவுல பல் டாக்டரே கிடையாதா தம்பி?”

“இருக்காங்கக்கா. ரூட் கேனால் அங்க நமக்குக் கட்டுப்படி ஆகாது. அதான் லீவு வரைக்கும் பொறுத்துக்கிட்டேன்.”

“நாங்க மடிக்கிற பேண்டேஜ் துணி பூராம் அங்கதான் போகுது. நீங்க இங்க வாரீக. அப்ப அங்க ஏழைபாழைக எங்க போவாக?”

மச்சான் போனைப் பார்த்தான்.

அக்கா தன் டோக்கனை அவன் கையில் வைத்தார். “முதல்ல நீங்க போங்க. பாவம், எம்புட்டு நாள் வலியோ.”

கல்யாணத்தில் ‘அமெரிக்க மாப்பிள்ளை’ என்று அவனுக்கு பேனர் வைத்த நண்பர்களே, தயவுசெய்து அவனை இந்தப் போஸ்டில் டேக் செய்யாதீர்கள்.